பெருந்தொற்று வந்தபோது விபத்து சிகிச்சை ஆய்வுகளுக்கு என்ன நேர்ந்தது?

மருத்துவம் படிக்கும் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: ‘2020 ஊரடங்கில் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன, விபத்துகள் குறைந்தன. அப்படியென்றால் விபத்து சிகிச்சை மையங்களில் இருந்த மருத்துவர்களுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் கிடைத்திருக்க வேண்டுமே. அங்கே நடந்துகொண்டிருந்த ஆய்வுகள் ஏன் நின்றன?’

மேலோட்டமாகப் பார்த்தால் கேட்டவரின் கணக்கு சரிதான். ஆனால் அதற்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. விபத்துகள் குறைந்தன என்பது ஒன்று. ஆய்வு என்பது மருத்துவர் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்பது இன்னொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது அந்தப் பாதிகூட இல்லை.

விபத்துகளை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 2019-இல் 1,51,113 பேர், 2020-இல் 1,31,714 பேர். நாடே மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஆண்டில் குறைந்தது சுமார் 13 சதவீதம்தான். அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர் எதிர். வாகனங்கள் ஓடிய மொத்த தூரம் 11 சதவீதம் குறைந்தும் சாலை மரணங்கள் கூடி 38,824 ஆயின. 2007-க்குப் பிறகு அதுவே அதிகம். காலியான சாலை வேகத்துக்கு வசதியாகிவிட்டது. அதே ஆண்டில் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 45,222 பேர். அதுவரை பதிவான எந்த ஆண்டையும்விட அதிகம். தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. 2020 மார்ச் 27 அன்று மது விற்பனைக்குத் தடை வந்தது. விபத்துப் பிரிவுகள் காலியாயின. ஜூன் 1 அன்று தடை நீங்கியதும் வார்டுகள் மீண்டும் நிரம்பின. ஜூலை 12 அன்று மறுபடி தடை. மதுவுக்கும் காயங்களுக்கும் உள்ள உறவை ஆராய்பவர்களுக்கு இப்படியொரு இயற்கைப் பரிசோதனை இனி எப்போது கிடைக்குமோ தெரியாது. அந்த ஒரு துறைக்கு மட்டும் பெருந்தொற்று வாரி வழங்கியது.

ஆக எண்ணிக்கை குறைந்ததா கூடியதா என்பதைவிட, யார் காயப்பட்டு வந்தார்கள் என்பது மாறிப்போனதுதான் முக்கியம். பைக்கில் போய் லாரியில் மோதிய இளைஞன் குறைந்தான். வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டி குறையவில்லை. ஓர் ஆய்வைத் திட்டமிடும்போது, மாதத்துக்கு இத்தனை பேர், இந்த வயதில், இந்தவிதக் காயத்தோடு வருவார்கள் என்ற கணக்கில்தான் எத்தனை மருத்துவமனை வேண்டும், எத்தனை ஆண்டு வேண்டும் என்று முடிவு செய்வார்கள். அந்த அடிக்கணக்கு ஒரே வாரத்தில் செல்லாமல் போனது.

இனி ஆய்வை யார் செய்கிறார்கள் என்பது. பெரிய விபத்து மையத்தில் இரவு இரண்டு மணிக்கு ரத்தம் வடிய ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆய்வில் சேரத் தகுதியானவரா என்று பட்டியலைச் சரிபார்ப்பதும், எந்த மருந்து எந்த நிமிடத்தில் ஏறியது என்று குறித்துவைப்பதும், மறுநாள் குடும்பத்தாரைத் தேடிப் பேசிக் கையெழுத்து வாங்குவதும், ஆறு மாதம் கழித்து அதே ஆளைத் தொலைபேசியில் பிடிப்பதும் பெரும்பாலும் ஆய்வுச் செவிலியர்களின் வேலை. கட்டுரையின் மேலே பேராசிரியர் பெயர் இருக்கும். ஆய்வு ஓடுவது இவர்கள் காலில். இவர்களில் பலர் தீவிர சிகிச்சைப் பிரிவில் பழகியவர்கள். 2020 மார்ச்சில் எந்த மருத்துவமனை நிர்வாகம் ‘வென்டிலேட்டர் தெரிந்தவர்கள் யார் யார்’ என்று பட்டியல் எடுத்தாலும் முதல் பக்கத்தில் இவர்கள் பெயர் வந்திருக்கும். சாலையில் வண்டி குறைந்ததால் விபத்து மையத்தில் மிச்சமான நேரம் ஆய்வுக்கு வரவில்லை, கோவிட் வார்டுக்குப் போனது.

பிரிட்டனில் இது முறையான உத்தரவாகவே வந்தது. அங்கே மருத்துவ ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் தேசிய அமைப்பு, முன்னுரிமை பெற்ற கோவிட் ஆய்வுகளைத் தவிர மற்றவற்றைப் புதிய இடங்களில் தொடங்குவதை 2020 மார்ச்சில் நிறுத்திவைத்தது. சிகிச்சையை நிறுத்தினால் நோயாளிக்குக் கெடுதல் என்ற நிலையில் இருந்தவற்றுக்கு விலக்கு உண்டு. இதைக் குறை சொல்வது எளிது. ஆனால் அப்படி ஒதுங்கிக் கொடுத்ததால்தான் கோவிட் மருந்துகளைச் சோதித்த ‘ரெகவரி’ ஆய்வு மார்ச் 19 அன்று முதல் நோயாளியைச் சேர்த்து, ஜூன் 16 அன்று டெக்சாமெத்தசோன் உயிர் காக்கிறது என்று அறிவிக்க முடிந்தது. இடையில் நூறு நாள்கூட இல்லை. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை அந்த மலிவான மருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அந்த முடிவை வைத்துப் பார்த்தால், செவிலியர்களை இடம் மாற்றியதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கானவர்களைக் குறுகிய படிவத்தோடு எளிமையாகச் சேர்க்கும் அந்த வகை ஆய்வுக்கு விபத்து மருத்துவத்தில் ஏற்கெனவே நல்ல முன்மாதிரி இருந்தது. 2010-இல் வெளிவந்த ‘கிராஷ்-2’, 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரைச் சேர்த்து, ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலம் ரத்தப்போக்கு மரணத்தைக் குறைக்கும் என்று காட்டியது. பெரிய கேள்வியை எளிய படிவத்தோடு கேட்கும் அந்த வழக்கம் கோவிட்டுக்குக் கைகொடுத்த காலத்தில் விபத்துத் துறை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

பாதியில் நின்ற ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ‘ரீஃபில்’ ஆய்வு. விபத்து நடந்த இடத்திலேயே ரத்தம் கொடுத்தால் பிழைப்பவர்கள் கூடுவார்களா என்பது கேள்வி. பிரிட்டனின் நான்கு அவசர மருத்துவக் குழுக்கள் முத்திரையிட்ட பெட்டிகளை வண்டியிலும் ஹெலிகாப்டரிலும் எடுத்துச் சென்றன. பெட்டிக்குள் இரண்டு யூனிட் சிவப்பணுவும் இரண்டு யூனிட் உலர்த்திய பிளாஸ்மாவும் இருக்கலாம், வெறும் உப்புக் கரைசலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனவரின் பக்கத்தில் மண்டியிட்டு முத்திரையை உடைக்கும் நொடியில்தான் இவருக்கு எது என்று குழுவுக்கே தெரியும். குலுக்கல் முறை பெட்டிக்குள்ளேயே இருந்தது.

இது நடக்க என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ரத்த வங்கி ஆள் பெட்டியைக் கட்ட வேண்டும். குளிர் குறையாமல் பார்த்து, கெடு முடியும் முன் மாற்ற வேண்டும். பயிற்சி பெற்ற அவசர மருத்துவர் வண்டியில் இருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போனதும், உடலுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டின் அளவைக் குறித்த நேரத்தில் எடுக்க ஆள் வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பெட்டி வெறும் சுமைதான். 2016 நவம்பரில் தொடங்கிய ஆய்வு 490 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 432 பேரோடு 2021 ஜனவரியில் முடிந்துபோனது. பெருந்தொற்று ஏற்படுத்திய இடையூறே காரணம் என்று கட்டுரையிலேயே எழுதினார்கள். இறப்போ, லாக்டேட் சரியாக இறங்காமையோ நேர்ந்தவர்கள் ரத்தம் பெற்ற குழுவில் 64 சதவீதம், உப்புக் கரைசல் குழுவில் 65 சதவீதம். வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை, இருபுறமும் 9 சதவீதப் புள்ளி. ரத்தம் கொடுப்பதால் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு நன்மை என்பதற்கும் இடமிருக்கிறது, ஒன்பது பேருக்குக் கேடு என்பதற்கும் இடமிருக்கிறது.

திட்டத்தில் குறைந்த அந்த 58 பேரும் வந்து சேர்ந்திருந்தால் எல்லாம் தெளிவாகியிருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஒன்பது எட்டரைக்குத்தான் வந்திருக்கும். பெரிய வித்தியாசம் இல்லை. பெருந்தொற்றின் பாதிப்பைப் பற்றிப் பேசும் பலர் ‘இத்தனை ஆய்வு நின்றது, இத்தனை பேர் குறைந்தார்கள்’ என்றுதான் பட்டியல் போடுகிறார்கள். நின்ற ஆய்வைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அது நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். நிற்காமல் ஓடிய ஆய்வுக்குள் அளக்கப்பட்ட பொருளே மெல்ல மாறிப்போனதுதான் பெரிய சேதம். ‘வழக்கமான சிகிச்சை’ என்று 2018-இல் எழுதிவைத்தது 2020 ஏப்ரலில் வழக்கமாக இல்லை.

டிரானெக்ஸாமிக் அமிலத்தையே எடுத்துக்கொள்ளலாம். காயப்பட்ட நேரத்திலிருந்து 15 நிமிடம் தாமதித்தால் அதன் பலன் சுமார் 10 சதவீதம் குறைகிறது, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பலனே இல்லை என்று முந்தைய ஆய்வுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. இப்போது 2020-ஐ நினையுங்கள். ஆம்புலன்ஸ் வாசலில் குழு முழுப் பாதுகாப்பு உடை அணிகிறது. மூச்சுக்குழாய் செருக அறையைக் காலி செய்கிறார்கள். நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன் கூடுதலாக எடுக்கிறார்கள். அறுவை அரங்கு ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கிருமிநீக்கத்துக்காக மூடப்படுகிறது. ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். ஆனால் நிமிடமே மருந்தின் பாதியாக இருக்கும் துறையில், இந்தச் சில நிமிடங்கள் நல்ல மருந்தையும் சோப்ளாங்கியாகக் காட்டிவிடும். ஆய்வு முடிவில் ‘பலன் இல்லை’ என்று வந்தால் குற்றம் மருந்திடமா, தாமதத்திடமா? பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, நேரத்தைத் துல்லியமாகக் குறித்துவைத்திருந்தால் ஒழிய. அதைக் குறிப்பவர்தான் கோவிட் வார்டில் இருக்கிறாரே.

இறப்பை அளக்கும் ஆய்வுகளுக்கு வேறொரு தொல்லை. 2020 மே மாதம் வெளிவந்த ‘கோவிட்சர்ஜ்’ கூட்டாய்வு, அறுவை சிகிச்சை செய்துகொண்டு தொற்றும் பெற்ற 1,128 பேரைப் பார்த்தது. அவர்களில் 23.8 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல். இடுப்பெலும்பு முறிந்த எழுபது வயதுக்காரர் மருத்துவமனையில் தொற்று வாங்கி இறந்தால், சோதிக்கப்படும் சிகிச்சைக்கும் அந்த மரணத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டு குழுவிலும் சமமாகத்தானே இறப்பார்கள், கழிந்துபோகாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கழிவதில்லை. சம்பந்தமில்லாத மரணங்கள் இரு பக்கமும் ஏறும்போது உண்மையான வித்தியாசம் கூட்டத்துக்குள் கரைந்துபோகும். ஒரு சிகிச்சை சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பக்கூடியது, மற்றொன்று வார்டில் வைத்திருப்பது என்றால் இன்னும் மோசம். அப்போது தொற்றுக்கு ஆட்படும் நாள்களே இரு பக்கமும் வேறாகிவிடுகின்றன.

இந்தியாவில் பாதிப்பு இன்னும் வெளிப்படையாக இருந்தது. டெல்லி எய்ம்ஸின் ஜெய் பிரகாஷ் நாராயண் விபத்து சிகிச்சை மையம் 2020 மார்ச் இறுதியில் முழுக் கோவிட் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. தனிக் கட்டடம், தயாராக இருந்த தீவிர சிகிச்சைப் படுக்கைகள், பழகிய ஊழியர்கள் என்று நிர்வாகம் தேடிய எல்லாமே அங்கே இருந்தன. காயமடைந்தவர்கள் முதன்மை வளாகத்தின் அவசரப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் காக்கும் முடிவாக இதை எதிர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆய்வாளன் கண்ணில் மட்டும் இது நில அதிர்ச்சி. டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் நான்கு மருத்துவமனைகளில் 2013 முதல் 2015 வரை சுமார் 16,000 பேரைப் பதிவு செய்த காயப் பதிவேட்டில் இந்த மையமும் இருந்தது. நம் நாட்டில் காயமடைந்தவர்களைப் பற்றி நம்பத்தகுந்த தரவு கிடைக்கும் இடங்கள் மிகச் சில. அப்படிப்பட்ட ஓரிடத்தில் கட்டடம், குழு, வரும் நோயாளி மூன்றும் ஒரே நேரத்தில் மாறினால் முன்னதையும் பின்னதையும் ஒப்பிட முடியாது.

ஒப்புதல் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நினைவிழந்து வருபவரிடம் அனுமதி கேட்க முடியாது. பிரிட்டனில் 2006-இல் வந்த திருத்தப்படி அவசர நிலையில் முதலில் ஆய்வில் சேர்த்துவிட்டு, பிறகு அவரிடமோ குடும்பத்தாரிடமோ ஒப்புதல் கேட்கலாம். அமெரிக்காவில் 1996 முதல் இப்படிப்பட்ட விலக்கு உண்டு, ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பகுதி மக்களிடம் கலந்து பேசியிருக்க வேண்டும். இந்தியாவில் சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி வேண்டும், பெரும்பாலும் அது உறவினராக இருக்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியும் உடனிருக்க வேண்டும். மூன்று நாட்டு ஏற்பாடும் ஒரே விஷயத்தை நம்பியிருக்கின்றன: யாராவது ஒருவர் நேரில் வந்து உட்கார்ந்து பேசுவார் என்பதை. 2020-இல் அதுதான் தடை செய்யப்பட்டது. உடனிருப்பவர்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். மக்களைக் கூட்டிப் பேசும் கூட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரலில் நெறிமுறைக் குழுக்களுக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டு, மின்னணு வழியில் ஒப்புதல் பெறவும் குழுக்கள் காணொளியில் கூடவும் இடம் கொடுத்தது. தாளில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் மகன் தலையில் அடிபட்டுக் கிடக்கிறான், உள்ளே பார்க்க விடவில்லை என்று தவிக்கும் தகப்பனிடம், முகம் தெரியாத ஒருவர் போனில் ‘உங்கள் மகனை ஓர் ஆய்வில் சேர்க்கலாமா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? அப்படி மறுத்தவர்கள் யார், ஒப்புக்கொண்டவர்கள் யார் என்ற வித்தியாசமும் ஆய்வின் முடிவுக்குள் நுழைந்துவிடும்.

ரத்தம் பற்றி ஒரு வார்த்தை. ரத்தப்போக்கு ஆய்வுகளுக்கு மூலப்பொருளே ரத்தம்தான். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 2020 மார்ச் நடுவிலேயே ஏறத்தாழ 2,700 முகாம்கள் ரத்தானதாகவும் சுமார் 86,000 பேரின் ரத்தம் கிடைக்காமல் போனதாகவும் சொன்னது. இங்கே கல்லூரிகள் மூடப்பட்டதும் முகாம்கள் நின்றன. அலமாரியில் இருப்பு குறைந்திருக்கும்போது, ‘இவருக்குக் கூடுதலாகக் கொடுத்துப் பார்ப்போம்’ என்ற ஆய்வுத் திட்டத்துக்கு எந்த ரத்த வங்கி அதிகாரி தலையாட்டுவார்?

பின்தொடர்தல் எங்கே எளிதாக இருந்ததோ அங்கே ஆய்வு பிழைத்தது. தலைக்காயத்துக்கு ஆறு மாதம் கழித்துப் பயன்படும் கிளாஸ்கோ மீட்சி அளவுகோலைத் தொலைபேசியிலேயே கேட்டு நிரப்பலாம். பல ஆய்வுகளில் அது ஏற்கெனவே வழக்கம். எலும்பு கூடியதா என்று பார்க்கும் எக்ஸ்-ரேவுக்கும், கைப்பிடி பலத்துக்கும் போன் உதவாது. பிரிட்டனில் குழந்தைகளின் மணிக்கட்டில் எலும்பு முழுதும் உடையாமல் நெளிந்துபோகும் முறிவுக்கு மென்மையான கட்டுப் போதுமா, உறுதியான பிடிப்பு வேண்டுமா என்று பார்த்த ‘ஃபோர்ஸ்’ ஆய்வு 2019 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலையில், பெருந்தொற்றுக்கு நடுவில், 965 பிள்ளைகளைச் சேர்த்து முடித்தது. அதன் முதன்மைக் கேள்வி மூன்றாம் நாள் வலி எவ்வளவு என்பது. முகப் படங்களைக் காட்டி வீட்டிலேயே கேட்கக்கூடிய கேள்வி. இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்று முடிவு வந்தது.

நம் நாட்டில் தொலைபேசியும் கைவிட்டது. டெல்லியில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த கட்டுமானத் தொழிலாளி கொடுத்த எண் பெரும்பாலும் மேஸ்திரியுடையதாக இருக்கும். ஊரடங்கில் மேஸ்திரி ஒரு மாநிலம், இவர் ஒரு மாநிலம். அந்த எண்ணை அழைத்தால் என்ன கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படித் தொலைந்துபோகிறவர்கள் எல்லாத் தரப்பிலிருந்தும் சமமாகத் தொலைவதில்லை. ஏழைகள், புலம்பெயர்ந்தவர்கள், மோசமாகக் காயப்பட்டவர்கள் முதலில் தொலைகிறார்கள். மிஞ்சியவர்களை வைத்துச் சராசரி எடுத்தால் எல்லோரும் நன்றாகத் தேறியது போலத் தெரியும். காலியான கட்டங்களை நிரப்பப் புள்ளியியலில் வழிகள் உண்டு. காணாமல் போனவர் ஏன் காணாமல் போனார் என்பது தெரிந்தால்தான் அவை பலிக்கும்.

இத்தனைக்கும் நடுவில் முடிந்த பெரிய ஆய்வுகளும் இருக்கின்றன. ஆம்புலன்சிலேயே டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்த ‘பேட்ச்’ 1,310 பேரோடு 2021 செப்டம்பரில் முடிந்தது. பெரும் ரத்தப்போக்குக்கு ஆரம்பத்திலேயே கிரையோபிரெசிபிடேட் என்ற, ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மாப் பொருளைக் கொடுத்த ‘கிரையோஸ்டாட்-2’ 1,604 பேரோடு 2021 நவம்பரில் முடிந்தது. இரண்டுமே பெருந்தொற்று தொடங்குவதற்கு முன்னும் பின்னுமாகக் கால் ஊன்றியவை. அவற்றை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும் என்கிறேன். 2021 ஜூனில் ‘கன்சர்வ்’ என்ற அறிக்கை நெறி வெளிவந்தது. அசாதாரணச் சூழலால் ஆய்வில் எதையெல்லாம் மாற்றினோம், யார் முடிவெடுத்தார்கள், எப்போது என்று வெளிப்படையாக எழுதச் சொல்லும் நெறி அது. பின்பற்றியவர்களும் உண்டு, ‘கோவிட் காரணமாகச் சில மாற்றங்கள்’ என்று ஒரு வரியில் தாண்டிப் போனவர்களும் உண்டு.

எனவே கேள்வி கேட்ட மாணவர் அடுத்த முறை 2021 முதல் 2024 வரை வெளிவந்த விபத்து சிகிச்சை ஆய்வு எதையாவது கையில் எடுத்தால், நேரே முடிவுக்குப் போக வேண்டாம். முறைகள் பகுதியில் சேர்க்கை தொடங்கிய, முடிந்த தேதிகளைப் பாருங்கள். 2020 மார்ச் இடையில் வந்தால், அதற்கு முன்னும் பின்னும் சேர்ந்தவர்களைத் தனித்தனியாகக் காட்டியிருக்கிறார்களா, வயதும் காயத்தின் தன்மையும் இரு பகுதியிலும் ஒன்றாக இருக்கின்றனவா, முடிவை அளந்த முறை நேரிலிருந்து போனுக்கு மாறியதா, விடுபட்டவர்கள் எந்தக் குழுவில் அதிகம் என்று தேடுங்கள். கட்டுரையில் கிடைக்காவிட்டால் இணைப்புக் கோப்பில் பாருங்கள். இந்த அட்டவணைகளைப் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறார்கள்.